ரேம்ல கோளாறா? மெம்டெஸ்ட், விண்டோஸ் டெஸ்ட், டெஸ்ட்மெம்5, கழட்டி மாட்டிப் பாக்குறது: எதை எப்போ நம்பலாம்

ஒரே ஜிப் ஃபைல். முதல் தடவை பிரிச்சப்போ சிஆர்சி எரர் (டேட்டா சரியா இருக்கான்னு பாக்கிற கணக்கு ஒத்துப்போகலன்னு அர்த்தம்), திரும்பப் பிரிச்சா சுத்தமா வந்துருச்சு, மூணாவது தடவை உள்ள இருக்கிற வேற ஒரு ஃபைல்ல எரர். நான் அசெம்பிள் பண்ண பிசில நடந்தது இது. டிஸ்க்ல இருக்கிற ஃபைல் மாறவே இல்ல, ஆனா பிரிக்கிற ஒவ்வொரு தடவையும் விடை மாறுதுன்னா முதல் சந்தேகம் ரேம் மேலதான் போகணும். ப்ளூ ஸ்க்ரீன்ல மெமரி மேனேஜ்மென்ட்னு வர்றது, பிரவுசர் டேப் மட்டும் தனியா கிராஷ் ஆகுறது, கேம் ஒரு மெசேஜும் இல்லாம மூடிக்கிட்டு டெஸ்க்டாப்புக்கு வந்துடறது, இதெல்லாம் கூட அந்த வகைதான்.

சரி, எதை வச்சு செக் பண்றது? கேட்டா ஒருத்தர் மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி ஓடட்டும்பாரு, இன்னொருத்தர் அது வேஸ்ட், விண்டோஸ்குள்ள டெஸ்ட்மெம்5 ஓட்டுன்னுவாரு, இன்னொருத்தர் டெஸ்ட்டே வேணாம், ஒரு ரேம் ஸ்டிக்கைக் கழட்டிப் பாருன்னுவாரு. நான் எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்துட்டேன். மூணு பேர் சொல்றதும் சரிதான், ஆனா மூணு பேரும் பேசுறது வேற வேற பிரச்சனையைப் பத்தி.

எதை ஓட்டுறதா இருந்தாலும் அதுக்கு முன்னாடி பயாஸ்ல (போர்டோட செட்டிங்ஸ் திரை) எக்ஸ்எம்பி இல்ல எக்ஸ்போ ஆன்ல இருக்கான்னு பாருங்க, ரேமை பாக்கெட்ல போட்ட ஸ்பீடுல ஓட வைக்கிற செட்டிங் அது. பாக்கெட் மேல டிடிஆர்4 3600னு போட்டிருந்தா அது ஓவர்கிளாக் ஸ்பீடு. ரேமுக்குப் பொது அளவு வகுக்கிற ஜெடெக் அமைப்போட ஸ்டாண்டர்டு டிடிஆர்4க்கு 3200 வரைக்கும்தான் போகுது, அதுவும் 1.2 வோல்ட்ல, எக்ஸ்எம்பி ஆன் பண்ணா பெரும்பாலும் 1.35 வோல்ட். அதனால ஒரே டெஸ்ட்ட எக்ஸ்எம்பி ஆஃப் பண்ணி ஒரு தடவை, ஆன் பண்ணி ஒரு தடவை ஓட்டணும். ஆஃப்லயும் எரர் வந்தா ஸ்டிக், ஸ்லாட், போர்டு, சிபியு உக்காந்திருக்கிற விதம் இதுல ஏதோ ஒன்னுல நெஜமாவே கோளாறு இருக்கு. ஆன்ல மட்டும் வந்தா ஸ்டிக் நல்லாவே இருக்கலாம், சிபியுக்குள்ள இருக்கிற மெமரி கன்ட்ரோலரால அந்த ஸ்பீடைத் தாங்க முடியாம கூட இருக்கலாம். இதைப் பாக்காம நல்ல ஸ்டிக்கைத் திருப்பி அனுப்பிட்டு, மாத்தி வந்த ஸ்டிக்லயும் அதே எரரோட உக்காந்திருக்கிறவங்க நெறைய பேர்.

இப்போ ஒன்னொன்னா வர்றேன். விண்டோஸ் கூடவே வர்ற மெமரி டயக்னாஸ்டிக், இதுல சொல்ல அதிகம் இல்ல. எதையும் டவுன்லோட் பண்ண வேணாம், யுஎஸ்பி வேணாம், அதுதான் இதோட பலம். டீஃபால்ட்டா ஸ்டாண்டர்டு மோட்ல ரெண்டு பாஸ் (எல்லா டெஸ்டும் ஒரு சுத்து ஓடுறது ஒரு பாஸ்) ஓடி முடிச்சுடும், ஓடும்போது எஃப்1 தட்டினா எக்ஸ்டெண்டட் மாத்திக்கலாம், ஆனா அது ரொம்ப மெதுவு. ரிசல்ட் லாகின் பண்ணதும் சில சமயம் கண்ணுல படாமலே போயிடும், ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்ல போய்த் தேடணும். எரர் இருக்குன்னு சொன்னா நம்புங்க, இல்லன்னு சொன்னா அதை வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க.

அடுத்து மெம்டெஸ்ட். இதுல பேரே குழப்பம், மெம்டெஸ்ட்86 வேற, மெம்டெஸ்ட்86+ வேற. 1990கள்ல வந்த ஒரே ப்ரோகிராம்ல இருந்து பிரிஞ்ச ரெண்டு கிளை. முதல்ல சொன்னது பாஸ்மார்க் கம்பெனி கிட்ட இருக்கு, ஃப்ரீ எடிஷன் ஒரு ஓட்டத்துக்கு 4 பாஸோட நிறுத்திக்கும், மைக்ரோசாஃப்ட் கையெழுத்து இருக்கிறதால செக்யூர் பூட்டை (கையெழுத்து இல்லாத ப்ரோகிராம் பூட் ஆகாம தடுக்கிற செட்டிங்) ஆஃப் பண்ணாமலே பூட் ஆகும். ப்ளஸ் முழுசா ஓப்பன் சோர்ஸ், பாஸ் கணக்குக் கிடையாது, நீங்க நிறுத்துற வரைக்கும் ஓடும். நடுவுல பல வருஷம் தூங்கிட்டு 2022ல 6.00 வெர்ஷன் வந்தப்போதான் யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலா வந்தது) சப்போர்ட்டும் டிடிஆர்5 சப்போர்ட்டும் வந்துச்சு, அதனால எங்கயாவது பழைய 5 வரிசை வெர்ஷன் கிடைச்சா புது போர்டுல முயற்சி பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க. ரெண்டுல எதுன்னு கேட்டா என் ஓட்டு ப்ளஸ்க்கு, ராத்திரி போட்டுட்டுத் தூங்கப் போயிடலாம்.

மெம்டெஸ்ட்டோட பெரிய பலம், அது விண்டோஸுக்கு வெளிய ஓடுது. ஓஎஸ் பிடிச்சு வச்சுக்கிற இடத்தையும் சேர்த்துக் கிட்டத்தட்ட முழு ரேமையும் தொடும், டிஸ்க்ல எதையும் எழுதாது. இது சின்ன விஷயமில்ல, ரேம் கெட்டிருக்கிறப்போ விண்டோஸ்ல பூட் பண்ணி வேலை செஞ்சா, கெட்டுப்போன டேட்டாவையே டிஸ்க்ல சேவ் பண்ணிட்டிருப்போம், பழைய போட்டோ, டாகுமென்ட் எல்லாம் சத்தமில்லாம பாழாகும். என் பிசில ப்ளஸ் ஓட்டினப்போ முதல் பாஸ்லயே சிவப்பு வரிசை வந்துச்சு. இருக்க வேண்டியது 00000000, கிடைச்சது 00000400. கீழ இன்னும் பத்துப் பன்னெண்டு வரி, எல்லாத்துலயும் மாறியிருந்தது அதே ஒரு பிட், அட்ரஸும் பக்கத்துப் பக்கத்துல. இப்படி ஒரே பிட், ஒரே ஏரியான்னா சிப்லயோ அந்த ஒரு லைன்லயோ கோளாறு. அட்ரஸ் எங்கெங்கயோ சிதறி, ஒவ்வொரு தடவையும் வேற வேற பிட் மாறுனா அது பெரும்பாலும் ஸ்பீடு, வோல்டேஜ் பிரச்சனை. இந்த வரிசையைப் படிக்காம வெறும் பாஸ் ஃபெயில் மட்டும் பாக்குறது மெம்டெஸ்ட் குடுக்கிற தகவல்ல பாதியை விடுறதுக்குச் சமம். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான், 'நாலு பாஸ்ல ஒன்னுதானே'ன்னு விட்டுடாதீங்க.

அதோட பலவீனம் சூடு. மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், கேஸ் உள்ள குளுகுளுன்னு இருக்கும். கேம் ஓடும்போது கார்டுல இருந்து வர்ற சூடு நேரா ஸ்டிக் மேல ஏறும், சூடு ஏறினா ரேம் செல்லுல இருக்கிற சார்ஜ் சீக்கிரம் கசியும், எக்ஸ்எம்பில விளிம்புல நிக்கிற ஸ்டிக்குக்கு அது போதும். ராத்திரி பூரா மெம்டெஸ்ட் பாஸ், காலையில கேம் போட்டா அரை மணி நேரத்துல கிராஷ்னு சொல்றவங்க கதை பாதிக்கு மேல இதுதான்.

இந்த இடத்துலதான் விண்டோஸ்குள்ள ஓடுற டெஸ்ட் எல்லாம் ஜெயிக்குது. டெஸ்ட்மெம்5 ஃப்ரீ, ஆனா அதோட கூட வர்ற சாதா செட்டிங்ஸோட ஓட்டினா பெருசா ஒன்னும் பிடிக்காது, கடுமையான கான்ஃபிக் ஃபைல் போட்டு அட்மினா ரன் பண்ணணும். கார்ஹு ரேம் டெஸ்ட் காசு குடுக்கணும், வேகம் நல்லாருக்கும், வாரா வாரம் ரேம் ட்யூன் பண்றவங்களுக்கு வொர்த், ஒரு தடவை சந்தேகம் தீர்க்கிறதுக்கு வேணாம். பிரைம்95ல லார்ஜ் எஃப்எஃப்டிங்கிற மோட் ஓட்டினா ரேமோட சேர்த்து மெமரி கன்ட்ரோலரையும் போட்டு வாட்டும், ஆனா ஃபெயிலானா சிபியுவா ரேமான்னு சொல்லாது. எக்ஸ்எம்பி ஸ்டேபிளான்னு பாக்க நான் டெஸ்ட்மெம்5தான் ஓட்டுவேன், கூடவே கிராபிக்ஸ் கார்டுக்கும் லோடு குடுத்து. மெம்டெஸ்ட்ல எரர் வந்த மெஷின்ல மட்டும் இதுங்கள ஓட்டவே கூடாது, மேல சொன்ன டிஸ்க் பயம்தான் காரணம்.

கடைசியா கழட்டி மாட்டுறது. சாஃப்ட்வேர் எதுவும் எரர் இருக்குன்னு சொல்லுமே தவிர, குற்றவாளி ஸ்டிக்கா ஸ்லாட்டான்னு உறுதியாச் சொல்லாது. பவர் கேபிளை உருவிட்டு, ஒரு ஸ்டிக்கை மட்டும் ஏ2ல மாட்டி டெஸ்ட் பண்ணுங்க, பெரும்பாலான போர்டுல அது சிபியு பக்கத்துல இருந்து ரெண்டாவது ஸ்லாட். அப்புறம் அதே ஸ்லாட்ல இன்னொரு ஸ்டிக். அப்புறம் நல்லதுன்னு தெரிஞ்ச ஸ்டிக்கை பி2ல, அது பெரும்பாலும் நாலாவது ஸ்லாட். எரர் ஸ்டிக் கூடவே போனா ஸ்டிக், ஸ்லாட்லயே நின்னா ஸ்லாட். எனக்கு என்னாச்சுன்னா ரெண்டு ஸ்டிக்கும் ஏ2ல சுத்தம், எது போட்டாலும் பி2ல எரர், எக்ஸ்எம்பி ஆஃப்லயும். போர்டே போச்சுன்னு நினைச்சேன். ஆனா ஸ்லாட்ல இருந்து போற லைன் எல்லாம் சிபியு சாக்கெட்லதான் போய் முடியுது, அதனால கூலரைக் கழட்டினேன். ஒரு பக்கத்து ஸ்க்ரூவை மட்டும் இறுக்கித் தள்ளியிருக்கேன், சிபியு ஒரு பக்கமா அழுந்தியிருக்கு. பின் எதுவும் வளையலன்னு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு சிபியுவைத் திரும்ப உக்கார வச்சு, நாலு ஸ்க்ரூவையும் குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினேன், பி2 சரியாயிடுச்சு, அந்த ஜிப்பும் பத்துத் தடவை சுத்தமா பிரிஞ்சுது.

ரெண்டு ஸ்டிக்கும் தனித்தனியா பாஸ், சேர்ந்தா மட்டும் ஃபெயில்னா ஸ்பீடைக் குறைச்சுப் பாருங்க. நாலு ஸ்டிக் போட்டா இன்னும் மோசம், ரைசன் 7000க்கு ரெண்டு டிடிஆர்5 ஸ்டிக்னா 5200 வரைக்கும், நாலு போட்டா 3600தான்னு ஏஎம்டியே சொல்லுது. டிடிஆர்5 மாத்தினதும் முதல் பூட்ல ஸ்க்ரீன் சில நிமிஷம் கருப்பா இருந்தா பயந்து ஆஃப் பண்ணிடாதீங்க, மெமரி ட்ரெயினிங் நடக்குது, அதாவது போர்டு அந்த ரேமுக்கு ஏத்த டைமிங்கைத் தேடிட்டிருக்கு. டிடிஆர்5ல ஈசிசி (தப்பைத் தானே திருத்திக்கிற வசதி) இருக்கேன்னு நம்பிக்கை வச்சுக்காதீங்க, அது சிப்புக்குள்ள நடக்கிற தப்பைத்தான் திருத்தும், ஸ்டிக்குக்கும் சிபியுக்கும் நடுவுல கெட்டுப்போறது அதுக்குத் தெரியாது.

ஸ்டிக்தான்னு உறுதியாயிட்டா, செட்டா வாங்கினதை செட்டாவே வாரண்டிக்கு அனுப்புங்க. ஒன்னை மட்டும் மாத்தி வேற பேட்ச் ஸ்டிக் வந்தா உள்ள சிப்பே வேறயா இருக்கலாம், அப்புறம் எக்ஸ்எம்பில திரும்ப முதல்ல இருந்து டெஸ்ட் ஓட்டணும்.