18,500 ரூபாய்க்கு 97 சோழி: பார்வையில்லாத நண்பர்கள் கவனத்துக்கு

நேத்து காலையில ஏழே காலுக்கு, நான் பணம் கட்டிச் சேர்ந்த ஆன்லைன் சோழி ஜோசியப் பயிற்சியோட வாட்ஸ்அப் குரூப்பிலேர்ந்து என்னைத் தூக்கிட்டாங்க. கோபம் இன்னும் அடங்கலை. இதுல பாதி குரல் வழியா சொல்லித்தான் தட்டச்சாகுது, பிழை இருந்தா பொறுத்துக்குங்க. எதுல எதுல உஷாரா இருக்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பாபநாசத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவுல, குடமுருட்டிக் கரையில வீடு. அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களுக்கு வாய்ப்பாட்டு சொல்லித் தர்றேன். போனது 18,500 ரூபாய். 20,000 ரூபாய் ஏலச்சீட்டை 1,500 தள்ளி எடுத்த பணம். இன்னும் எட்டு மாசம் தவணை கட்டணும்.

உனக்கெதுக்குடி ஜோசியம்னு அம்மாவே கேட்டுச்சு. அப்பாயிதான் காரணம். பல்லாங்குழிக்கு வச்சிருக்கிற சோழியில ஆறை எடுத்துக் குலுக்கிப் போட்டுட்டு, எத்தனை மல்லாந்திருக்குன்னு என் விரலால தடவிப் பார்க்கச் சொல்லும். வழவழன்னு முதுகு தட்டுப்பட்டா குப்புற. பல்லு தட்டுப்பட்டா மல்லாக்க. நாலும் அதுக்கு மேலயும் மல்லாந்தா நினைச்சது நடக்கும். அப்பா சம்பளத்தோட வருமா, மேட்டூர்த் தண்ணி நம்ம வாய்க்காலுக்கு எப்ப வரும், எல்லாத்துக்கும் சோழிதான். அது பலிச்சுதோ இல்லையோ, வீட்டுல என்னைக் கேட்டு முடிவு பண்ணின ஒரே விஷயம் அதுதான். அப்பாயி போனப்புறமும் அந்த ஆசை போகலை.

ஒரு தடவை வைத்தீஸ்வரன்கோயில்ல நாடி ஜோசிய ஏடு பார்க்கவும் போயிருக்கேன். பொம்பளைங்களுக்கு இடது கட்டைவிரல் ரேகை, ஆம்பளைங்களுக்கு வலது. ஓலையை எடுத்துப் பாட்டாப் படிச்சாங்க. கூட வந்த சித்தி, "எழுத்து ஒண்ணும் புரியலடி"ன்னாங்க. அந்த அறைக்குள்ள கண்ணு உள்ளவங்களும் என்னை மாதிரிதான். அதுல எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஆன்லைன்ல அருள்வாக்கு, சோழி போட்டுப் பலன் சொல்ற சோழி பிரசன்னம், மூன்றாம் கண்ணெல்லாம் ஒரே பொட்டலமாக் கட்டி விக்கிற ஒரு பயிற்சி மையம். பேர் எழுதலை. 48 நாள், ஒரு மண்டலம். விளம்பரத்துல இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். ஒரு மேடம் நாப்பது நிமிஷம் பேசினாங்க. என்னைப் பாடச் சொன்னாங்க. ரெண்டு வரி பாடினேன். அந்தப் பக்கம் ஒரு மூச்சு சத்தம். அப்புறம் சொன்னாங்க: "அம்மா, உங்களுக்கு நாங்க சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஆண்டவன் வெளிக்கண்ணை மூடினதே உள்கண்ணைத் திறக்கத்தான். திருவாரூர்ல தண்டியடிகள் இல்லையா, அந்த வம்சம்மா நீங்க."

இந்த இடத்துலதான் விழுந்தேன். பஸ்ஸுல, கோயில்ல, கல்யாண வீட்டுல "ஐயோ பாவம்" கேட்டுக் கேட்டுப் புளிச்ச காது இது. எனக்கு ஒண்ணு கூடுதலா இருக்குன்னு ஒருத்தர் சொன்னது அதுதான் முதல் தடவை. தண்டியடிகள் பார்வையில்லாத நாயனார், குளத்துக்கும் கரைக்கும் கம்பு நட்டு, கயிறு கட்டி, அதைத் தடவிக்கிட்டே மண்ணு சுமந்தவர். யாருக்கும் குறி சொன்னதில்லை. அது எனக்குத் தெரியாதா? பெரிய புராணப் பாட்டே பாடறவ நான். இருந்தும் அந்த நேரத்துல தோணலை.

மூணு விஷயம் கேட்டுக்கிட்டேன். பாடத்தை வாயால முழுசா விளக்கணும், நோட்ஸ் போன் படிச்சுக் காட்டற மாதிரி இருக்கணும், சோழி அசலா இருக்கணும். மூணுக்கும் "கண்டிப்பாம்மா". ஆடிப்பெருக்கன்னைக்கு ஆத்துல காப்பரிசி வச்சுக் கும்பிட்டுட்டு வந்து, திண்ணையில உக்காந்து பணம் அனுப்பினேன். தொட்டது துலங்கற நாளாச்சே. அனுப்பறதுக்கு முன்னாடி போன் யாரோ ஒரு தனி ஆளோட பேரைப் படிச்சுது. கேட்டேன். "எங்க அக்கவுன்டன்ட் பேரும்மா." பின் நம்பரைப் போட்டுட்டேன். பதினெட்டாயிரத்து ஐநூறு ரூபாய் செலுத்தப்பட்டதுன்னு போன் சத்தமா சொல்லிச்சு.

முதல் வகுப்பு என்னன்னு நினைக்கிறீங்க? அகல் விளக்கை ஏத்தி வச்சு, சுடரை இமைக்காம பார்க்கணும். திராடகமாம். குருஜி, எனக்குப் பார்வை இல்லைன்னேன். "மனசால பாரும்மா"ன்னார். ரெண்டாவது வகுப்புல சோழியைப் போடற சத்தம் மட்டும் கேக்குது. "பாருங்க, இங்க இப்படி விழுந்திருக்கு. அப்படின்னா இது அங்க போகுது, சரியா?" எங்க எப்படி விழுந்துச்சுன்னு ஒரு வார்த்தை கிடையாது. நோட்ஸ் வந்துச்சு, 62 பக்கம். எல்லாம் போட்டோ எடுத்துச் சேர்த்தது. போன் "படம், படம், படம்"னு 62 தடவை படிச்சுது.

பத்து நாள் கழிச்சு கூரியர்ல சோழிப் பை. 108 சோழி. மூணு குவியலாப் பிரிக்கணும். ஒவ்வொரு குவியல்லயும் எட்டெட்டாக் கழிச்சா மிஞ்சறதுதான் கிரகம். ஒண்ணு சூரியன், ரெண்டு செவ்வாய், மூணு குரு, நாலு புதன், அஞ்சு சுக்கிரன், ஆறு சனி, ஏழு சந்திரன், மிச்சமே இல்லாட்டி எட்டுன்னு வச்சு ராகு. கேரளத்துல கோயில் விஷயமா தேவபிரசன்னம் வைக்கறப்ப இந்தக் கணக்கு உண்டு. இதுக்குக் கண்ணே வேண்டாம். எட்டெட்டா எண்றது எனக்கு ஆதி தாளம். தம்பி அட்டையில சணல் ஒட்டி ராசிக் கட்டம் பண்ணிக் கொடுத்தான். உக்காந்து எண்ணினேன். கணக்கு உதைச்சுது. 108-ல எட்டெட்டாக் கழிச்சா 4 மிஞ்சணும். அப்படின்னா மூணு குவியல் மிச்சத்தையும் கூட்டி எட்டைக் கழிச்சுக்கிட்டே வந்தா எப்பவும் 4-ல தான் நிக்கணும். எனக்கு எத்தனை தடவை போட்டாலும் 1. மொத்தத்தையும் கொட்டி ஒண்ணொண்ணா எண்ணினேன். 97.

அதோட விட்டாங்களா? அசல் சோழி கையில எடுத்தா சில்லுன்னு இருக்கும், கனம் இருக்கும். இதுல பல சோழி வெதுவெதுன்னு, வெத்து கனம். நகத்தை ஓட்டினா ரெண்டு பக்கமும் நூல் மாதிரி ஒரு வரம்பு. அச்சுல வார்த்த பிளாஸ்டிக். அப்பாயி இருந்திருந்தா தெருவுல தூக்கி எறிஞ்சிருக்கும்.

கடைசி வாரம் மூன்றாம் கண். விரல் நுனியில நிறம் தெரியுமாம், போகப் போகப் பார்வையே திரும்புமாம். வீடியோவுல ஒரு சின்னப் பொண்ணு கண்ணைக் கட்டிக்கிட்டுப் பேப்பர் படிக்குது. என் பக்கத்துல பாட்டு கத்துக்க வந்த பிள்ளை உக்காந்திருந்தா, ஏழு வயசு. "அக்கா, அது ஏன் மூஞ்சியைத் தூக்கித் தூக்கிப் பார்க்குது?"ன்னா. அவ்வளவுதான் ரகசியம். மூக்குக்குப் பக்கத்துல துணி படியாது, அந்த இடுக்கு வழியாக் கீழ பார்க்கலாம். மங்களூருப் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இதை ஊர் ஊராப் போய்ச் செஞ்சு காட்டி அம்பலப்படுத்தினவர். எனக்கு இதெல்லாம் பணம் போனப்புறம்தான் தெரிஞ்சுது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மேடம் "மீட்டிங்ல இருக்கேன்மா". அடுத்த நாள் "குருஜி மௌன விரதம்". அப்புறம் "சிரத்தை இல்லாதவங்களுக்கு சித்தி ஆகாதும்மா". குரல் செய்தியில எல்லாத்தையும் விவரமா சொல்லிக் கேட்டா, பதிலுக்கு ஒரு படம் அனுப்பறாங்க. போன் "புகைப்படம்"ங்குது. தம்பி வந்து படிச்சான்: கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது. கடைசியா குருஜியே பேசினார். "பாதிப் பயிற்சி பார்த்துச் செய்யறதும்மா. உங்களால பார்க்க முடியலைன்னா நாங்க என்ன பண்றது?"

சேர்க்கறப்ப வரமா இருந்த அதே கண்ணு, காசு கேட்டதும் குறையாயிடுச்சு. 18,500 போனதை விட இதுதான் தூங்க விடலை. குரூப்புல இதை அப்படியே சொன்னேன். தூக்கிட்டாங்க.

சொந்தத்துல ஒரு வக்கீல் அண்ணன் இருக்கார். மந்திரத்தால நோய் தீரும்னு விளம்பரம் பண்றதைத் தடுக்க 1954-லயே சட்டம் வந்திருக்கு, அதோட அட்டவணையில பார்வையின்மையும் இருக்குன்னார். சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும் கூப்பிட்டுட்டேன். பணம் போன உடனே சொல்லியிருந்தா வங்கியில நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகமாம். நான் ஒரு மண்டலம் கழிச்சு சொல்றேன்.

உஷாரா இருக்க வேண்டியதுன்னு ஆரம்பத்துல சொன்னேன். நோட்ஸ்ல ஒரு பக்கம் முதல்லயே வாங்கி உங்க போன்ல படிக்க விட்டுப் பாருங்க. பணம் வாங்கறவங்க பேர் மாறினா அனுப்பாதீங்க. மொத்தமாக் கட்டாதீங்க. சோழி வந்த அன்னைக்கே எண்ணிடுங்க. உங்க கண்ணைப் பத்திப் புகழ ஆரம்பிச்சா போனை வச்சிடுங்க.

இன்னும் இருக்கு, ஆனா தம்பி வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டான். கும்பகோணத்துல புகார் கொடுக்கணும். சோழிப் பையையும் எடுத்துக்கிட்டேன். அங்கே யாராவது கேட்டா 97-ஐயும் மேசையில கொட்டி எண்ணிக் காட்டப் போறேன்.