பழைய காருக்கு வாரண்டி: வெளிக் கம்பெனி பேப்பரா, நம்ம கையெழுத்தா?

வேலூர்ப் பக்கம் கார் கன்சல்டிங், அதாவது பழைய கார் வாங்கி விற்கிற யார்டு, வைத்திருப்பவர்களிடம் வாரண்டி பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஒரு மாசம் வரைக்கும் எது வந்தாலும் நான் பாத்துக்கறேன், தைரியமா எடுத்துட்டுப் போங்கண்ணா." எழுத்தில் ஒன்றும் இருக்காது. முன்பு இது போதும். இப்போது மாருதியின் பழைய கார் ஷோரூமான ட்ரூ வேல்யூவில் சர்டிஃபைடு வண்டிக்கு ஒரு வருஷம் வரை வாரண்டியும் மூன்று இலவச சர்வீஸும் என்று பார்த்துவிட்டு வருகிற பார்ட்டி, நம்மிடமும் பேப்பர் கேட்கிறார். கேட்பது நியாயம்தான்.

ஏழெட்டு வண்டி நிற்கிற யார்டுக்கு நாலு வழி உண்டு. வாய்ப்பேச்சு ஒன்று. 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி வாங்கிக்கொண்டு கைகழுவுவது இன்னொன்று. வெளி வாரண்டி கம்பெனியின் திட்டத்தை வாங்கி வண்டியோடு சேர்த்துக் கொடுப்பது மூன்றாவது. நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நாலாவது. வெளிக் கம்பெனித் திட்டத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இப்போது நாலாவதில் நிற்கிறேன்: எஞ்சின், கியர் பாக்ஸ் இரண்டுக்கு மட்டும், 3 மாதம் அல்லது 3,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை. ஆகவே அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

வாய்ப்பேச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மார்கழியில் வண்டி எடுத்தவர் ஏசியைப் போட்டே பார்த்திருக்க மாட்டார். பங்குனி பிறந்ததும் கூலிங் இல்லை என்று வந்து நிற்பார். "எல்லாத்தையும் பாத்துக்கறேன்னு சொன்னீங்களே" என்பார். சொன்னோம்தான். ஏசியைச் சேர்த்தா சேர்க்காமலா, எத்தனை மாசத்துக்கு என்று இரண்டு பேருக்கும் நினைவிருக்காது. சட்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் காலத்தை பில்லில் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று கணக்கு. அதற்குள் எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம். பில் கொடுக்காததும் அதே பட்டியலில்தான் வருகிறது. வெள்ளைத்தாளில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

'உள்ளது உள்ளபடி' எழுதி வாங்குவது பலரும் நினைக்கிற மாதிரி வெத்துப் பேப்பர் இல்லை. 1930-ம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டத்திலேயே, வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால் அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை என்று இருக்கிறது. தேய்ந்த டயர், பம்பர் கீறல், சத்தம் போடுகிற சஸ்பென்ஷன் இதிலெல்லாம் அந்தக் கையெழுத்து நம்மைக் காப்பாற்றும். மீட்டரைத் திருப்பியது, வெள்ளத்தில் நின்ற வண்டியை மறைத்து விற்றது இதற்கெல்லாம் எந்தக் கையெழுத்தும் உதவாது. 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற வண்டிகளில் எத்தனை சுத்தம் செய்யப்பட்டு வெளியூர் யார்டுகளுக்குப் போயின என்று யாருக்கும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு இருந்தால் அந்த வண்டியை வாங்கவே வாங்காதீர்கள். இரண்டு லட்சத்துக்குக் கீழே போகிற பழைய வண்டிகளையும், 15 வருஷம் நெருங்கி ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியவற்றையும் நானும் 'உள்ளது உள்ளபடி'தான் விற்கிறேன். அந்த விலையில் வாரண்டி கட்டுப்படியாகாது. எடுக்கிறவர்களுக்கும் அது தெரியும்.

இனி உண்மையான போட்டி: வெளிக் கம்பெனியா, சொந்தமா?

வெளிக் கம்பெனித் திட்டத்தில் முதல் வசதி, விற்கும்போது எடுபடும். அச்சடித்த புத்தகம், கார்டு, ஹெல்ப்லைன் நம்பர். ஃபைனான்ஸ்காரர் முன்னால் பார்ட்டி முகத்தில் ஒரு தெளிவு வரும். வண்டியின் வயது, ஓடிய கிலோமீட்டர், எஞ்சின் சைஸ் பார்த்து விலை வைப்பார்கள், அதை வண்டி விலையில் ஏற்றிவிடலாம். பெரிய செலவு வந்தால் நம் பாக்கெட் தப்பிக்கும். கணக்குப் போட்டால் இதுதான் லாபம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

கம்ப்ளைன்ட் வரும்போதுதான் வேறு முகம் தெரியும். குடியாத்தத்துக்காரர் ஒருவர், டீசல் வண்டி. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, டெம்பரேச்சர் முள் ஏறியதைக் கவனிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டார். எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கிற சீல், ஹெட் கேஸ்கெட், போய்விட்டது. ஹெல்ப்லைனில் போட்டோ கேட்டார்கள். அவர்கள் பட்டியலில் உள்ள பட்டறைக்குத்தான் வண்டியை டோ பண்ணிக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அங்கே போனதும், எஞ்சினைப் பிரிக்க ஒப்புதல் வரட்டும் என்று ஓரமாக நிறுத்தினார்கள். ஆய்வு செய்கிறவர் வந்து பார்த்தார். பிரிக்கிற கூலிக்கு முதலில் கஸ்டமர் சம்மதம் சொல்ல வேண்டும், கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் அது அவர் தலையில் என்றார்கள். கடைசியில் வந்த பதில்: ஹோஸ் ரப்பர் சாமான், தேய்மானத்தில் வரும், வாரண்டியில் கிடையாது, கொதித்த பிறகும் ஓட்டியதால் வந்த சேதத்துக்கும் கிடையாது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் இரண்டும் பொடி எழுத்தில் இருந்தன. அவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த மனிதர் ஹெல்ப்லைனுக்குப் போகவில்லை. நேரே என் யார்டுக்கு மச்சானோடு வந்தார். "இன்னாண்ணா இது? அந்தக் கம்பெனி யாருன்னே எனக்குத் தெரியாது. உன்னை நம்பித்தானே எடுத்தேன்." செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். திட்டத்துக்குக் கட்டிய பணமும் போனது, பாதி பில்லும் என்னுடையது.

எனக்கு இந்த விஷயத்தைத் தீர்மானித்தது இதுதான்: பானெட்டைத் திறக்க உத்தரவு யார் கையில் இருக்கிறது? கிளெய்ம் தொகை, பிரீமியம், எத்தனை பாகம் கவர் ஆகிறது இதெல்லாம் பிறகுதான். வண்டி கெட்டுப்போனதால் மட்டும் யாரும் சண்டைக்கு வருவதில்லை. பழைய வண்டி, ஏதாவது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வண்டி எங்கேயோ நிற்கிறது, யாரும் தொடவில்லை, எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை என்றால்தான் கோபம் வருகிறது. சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து பாகாயம் போகிறவருக்கு வண்டி இல்லாத ஒவ்வொரு நாளும் ஆட்டோ செலவு. ஆம்பூரில் தோல் வேலைக்குப் போகிறவருக்கும் அப்படித்தான். வெளிக் கம்பெனியில் அந்த உத்தரவு வேறு ஊரில் உட்கார்ந்திருக்கிற, வண்டியைப் பார்த்திராத ஒருவரிடம் இருக்கிறது. நம்மால் போன் போட்டுக் கெஞ்சத்தான் முடியும்.

சொந்த வாரண்டியில் இது தலைகீழ். போன் வந்தால் வண்டியை சத்துவாச்சாரியில் எங்கள் பாய் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்வேன். ஓடுகிற நிலையில் இல்லையென்றால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்துக்குள் டோ செலவு என்னுடையது. முதல் வேலை ஸ்கேனர் போடுவது. அது காட்டுகிற பழுது எண்ணை (எரர் கோடு) அழிப்பதற்கு முன்னால் திரையைப் போட்டோ எடுத்து கஸ்டமருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவோம். அழித்துவிட்டுப் பிறகு என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்கள். பிரிக்கும்போது அவர் வந்து பார்க்கலாம், ஸ்டூல் போட்டுக் கொடுப்போம். மாற்றிய பழைய பாகத்தை அட்டைப்பெட்டியில் வைத்து பில்லோடு கையில் கொடுத்துவிடுவோம். தேய்ந்த டைமிங் செயினைக் கையில் எடுத்துத் தொட்டுப் பார்க்கிறவர் அதற்குப் பிறகு விலையைப் பற்றி வாதாடி நான் பார்த்ததில்லை.

வாரண்டித் தாளை ஒரே பக்கத்தில், தமிழில் வைத்திருக்கிறேன். மேல் பாதியில் எது உண்டு எது இல்லை என்று இருக்கும். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், பேட்டரி, டயர், ஏசி கேஸ் இல்லை. டெம்பரேச்சர் முள் ஏறியதும் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டால் எஞ்சின் செலவு என்னுடையது, ஓட்டிக்கொண்டே வந்தால் உங்களுடையது. குடியாத்தத்து வண்டிக்குப் பிறகு எழுதிய வரி அது. டெலிவரியின்போது வாய்விட்டுப் படித்தும் காட்டுவேன். கீழ்ப் பாதியில் வண்டியில் இப்போதே இருக்கிற குறைகள்: இடது முன் கதவு ரீபெயின்ட், இரண்டாம் கியரில் லேசான சத்தம், ரியர் வைப்பர் வேலை செய்யாது. பார்ட்டியோடு டெஸ்ட் டிரைவ் போய்வந்து, அவர் எதிரிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குவது. மீட்டர் ரீடிங் போட்டோவும் அதனோடு.

இந்தச் சோதனைத் தாள் சும்மா அழகுக்கு இல்லை. போதிய சோதனை செய்யாமல் ஒரு பொருளின் உழைப்புக்கோ ஆயுளுக்கோ வாரண்டி கொடுப்பதையே நுகர்வோர் சட்டம் நேர்மையற்ற வணிகம் என்கிறது. சோதித்தோம் என்று நிரூபிக்க வேண்டியதும் அப்படிச் சொல்கிறவர்தான். வண்டி வாங்கியவர் தான் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. நாம் விற்கிற பாதி வண்டி அந்த விலைக்குள்தான்.

வி.ஐ.டி. மாணவர்களுக்கு விற்றால் தாளில் இரண்டு நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை ஏலகிரி வளைவுகளில் கிளட்ச் புகைய ஏற்றுவது பையன், போனில் கத்துவது நெல்லூரில் இருக்கிற அப்பா. பணம் கொடுத்தவருக்கு வாரண்டித் தாளின் போட்டோ முதல் நாளே போயிருந்தால் பாதிச் சத்தம் குறையும்.

செலவு? ஒவ்வொரு வண்டி லாபத்திலும் 5,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கிறேன், பழுதுக்கு அதிலிருந்து மட்டும் எடுப்பது. ஜனவரி 2025 முதல் பழைய கார் மார்ஜினில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. விற்ற விலையில் வாங்கிய விலையைக் கழித்தால் வருவதுதான் மார்ஜின், நடுவில் பழுதுக்குச் செலவழித்ததை அதில் கழிக்க முடியாது. வெளிக் கம்பெனிக்குக் கட்டுகிற பணத்துக்கும் இதே கதிதான் என்பதால் இந்த விஷயத்தில் இரண்டும் சமம்.

சொந்த வாரண்டியின் பலவீனமும் பெரியது. ஒரே மாதத்தில் இரண்டு எஞ்சின் இறங்கினால் அந்தத் தனிக் கணக்கு காலி. நம்பிக்கையான பட்டறை பக்கத்தில் இல்லாதவர்கள் இதில் இறங்கவே கூடாது. எனக்கு இதுவரை பெரிய அடி விழவில்லை, அதில் அதிர்ஷ்டம் எவ்வளவு, பாயின் கைராசி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சி.வி.டி., டி.சி.டி. என்கிற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் வண்டிகளுக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை, அதைப் பிரித்துச் சேர்க்க எங்கள் பட்டறையில் ஆளில்லை. அந்த வண்டிகளுக்கு இன்னமும் வெளிக் கம்பெனித் திட்டம்தான், பொடி எழுத்தை முதலிலேயே படித்துக் காட்டிவிட்டுக் கொடுக்கிறேன். பி.எஸ்.6 டீசலில் டி.பி.எஃப். (புகைக் கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) அடைப்பு எந்தக் கணக்கில் வரும் என்று எனக்கே இன்னும் தெளிவில்லை. ஊருக்குள்ளேயே ஓடுகிறவர்களுக்கு டீசலே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

மின்சாரக் காரில் அனுபவம் மிகக் குறைவு. பேட்டரிக்குப் பொதுவாக 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் கம்பெனி வாரண்டி இருப்பதால், அதற்கு மேல் நான் எழுத எதுவும் இல்லை. ஆனால் கை மாறினால் அது இரண்டாம் ஓனருக்கு எந்த நிபந்தனையில் தொடரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ஷோரூமில் எழுத்தில் பதில் வாங்காமல் அந்த வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை.