இமை ஆபரேஷனுக்குப் பிறகு மங்கும் கண்ணுக்கு எது: களிம்பா, ஜெல்லா, சொட்டு மருந்தா?

மேல் இமை இரண்டிலும் தொங்கிய தோலை எடுக்கிற பிளெபரோபிளாஸ்டி செய்துகொண்டு நான்கு மாதம் ஆகிறது. அழகுக்காகத்தான் செய்தேன், செய்தது பிடித்தும் இருக்கிறது, அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் அதற்கப்புறம் வந்த மூன்று வாரத்தைப் பற்றி யாரும் எனக்கு விவரமாகச் சொல்லவில்லை. வீக்கம் இருக்கும், நீலம் பாரிக்கும், ஆறேழு நாளில் தையல் பிரிப்பார்கள், இரண்டு வாரத்தில் வெளியே போகலாம் என்றார்கள். அதெல்லாம் அப்படியே நடந்தது. ஒழுங்காகப் படிக்க முடியாது என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

எனக்குப் படிக்க முடியாவிட்டால் பிழைப்பு இல்லை. ஈரோட்டில் ஏழெட்டு ஜவுளிக் கடைகளுக்கு வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். மாதம் 11-ஆம் தேதி ஒரு ரிட்டர்ன், 20-ஆம் தேதி இன்னொன்று. ஆபரேஷன் 2-ஆம் தேதி. ஒரு வாரத்தில் உட்கார்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். 9-ஆம் தேதி பில் கட்டைப் பிரித்தால் 3-உம் 8-உம் ஒன்றாகத் தெரிகிறது, 5-க்கும் 6-க்கும் வித்தியாசம் இல்லை. பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன். கண்ணுக்குள் ஒன்றும் இல்லை, மேலே இருக்கிற ஈரப் படலம்தான் கலைந்திருக்கிறது என்று பார்த்துச் சொன்னார். இமை வீங்கியிருப்பதால் முழுதாக இமைப்பதில்லை, இமைக்காததால் கண்ணீர் சமமாகப் பரவுவதில்லை, பரவாத இடம் காய்கிறது, காய்ந்த இடத்தில் எழுத்து கலங்குகிறது. இதற்குக் கொடுக்கிற மருந்து நாலு விதத்தில் வருகிறது: களிம்பு, ஜெல், பாட்டில் சொட்டு மருந்து, ஒரு தடவை பிய்த்து ஊற்றிவிட்டுத் தூக்கி எறிகிற சின்னக் குப்பி. நான்கையும் போட்டுப் பார்த்துவிட்டேன். பகலுக்குக் குப்பி, ராத்திரிக்குக் களிம்பு. என் முடிவு இதுதான், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. மருந்தை ஒப்பிடுவதெல்லாம் சாதாரண மங்கலுக்கு மட்டும். ஆபரேஷன் ஆன முதல் நாளில் ஒரு கண் திடீரென்று கடுமையாக வலித்து, விண்ணென்று இறுகி, முன்னால் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி இருந்து பார்வையும் இருண்டால், அது கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுவதாக இருக்கலாம். அரிதுதான், ஆனால் வந்தால் சில மணி நேரத்திலேயே பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம். எந்தச் சொட்டையும் ஊற்றிப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ராத்திரி இரண்டு மணியானாலும். எங்கள் வீட்டில் சுவரில் மாட்டிய தினசரி காலண்டரை வைத்து ஒரு வழி பிடித்துக்கொண்டோம். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மறைத்துக்கொண்டு மறு கண்ணால் தேதியைப் பார்ப்பது, அப்புறம் கீழே பொடி எழுத்தில் இருக்கிற ராகு காலம், எமகண்டம் வரியைப் பார்ப்பது. நாலைந்து தடவை இமைத்ததும் எழுத்து கொஞ்சமாவது தெளிந்தால் அது கண் காய்வதால் வந்த மங்கல். எத்தனை இமைத்தாலும் மாறாமல் இருந்தால், அல்லது ஒன்று இரண்டாகத் தெரிந்தால், டாக்டருக்குப் போன். டாக்டர் சோதனைக்கு இது மாற்று இல்லை, ஆனால் எதற்குப் பயப்படுவது, எதற்குப் பொறுத்துக்கொள்வது என்பதைப் பிரிக்க எனக்கு உதவியது.

சரி, களிம்பு. முதலில் இரண்டு களிம்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். தையல் மேல் தடவக் கொடுப்பது ஆன்டிபயாட்டிக் களிம்பு, கண்ணுக்குள் ஈரம் காக்கக் கொடுப்பது பாரஃபின் எண்ணெய்க் களிம்பு. முதல் ஐந்து நாள் எனக்கு இருந்த மங்கலில் பாதி, தையலுக்குத் தடவியது உருகிக் கண்ணுக்குள் இறங்கியதால் வந்தது. பஞ்சுக் குச்சியில் அரிசி அளவு எடுத்துத் தையல் கோட்டில் மட்டும் மெல்லியதாக இழுத்தால் போதும் என்று நர்ஸ் செய்துகாட்டிய பிறகு பாதிப் பிரச்சினை போய்விட்டது. இரண்டாவது வகையைப் பகலில் போட்டால் எனக்கு முக்கால் மணி நேரம் வேலை இல்லை. எண்ணெய் தடவிய கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்ப்பது போலத்தான். ஆனால் ஈரம் காப்பதில் மற்ற மூன்றில் எதுவும் இதன் கிட்ட வராது, போட்டால் மூன்று நான்கு மணி நேரம் கண் கரகரக்காது. படிக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள், முதல் மூன்று நாள் எப்படியும் ஐஸ் ஒத்தடத்தோடு தலையணையை உயர்த்திப் படுத்திருக்கிறவர்கள், பகலிலும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஜெல் இரண்டுங்கெட்டான். பத்து, பதினைந்து நிமிடம் மங்குகிறது, அப்புறம் ஒன்றரை மணி நேரம் போல நிற்கிறது, இமை ஓரத்தில் வெள்ளையாக உலர்ந்து ஒட்டிக்கொள்கிறது. தையல் இருக்கும்போது அந்த ஒட்டலைத் துடைப்பது ஒரு தனி வேலை. நான் நான்கே நாள்தான் பயன்படுத்தினேன், அதுவும் ஒரே ஒரு வகை. வேறு ஜெல் வேறு மாதிரி இருக்கலாம், அதனால் இதற்கு மேல் அதைக் குறை சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

இப்போது சொட்டு மருந்து. பாட்டிலிலும் குப்பியிலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றேதான், கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் 0.5 சதவீதம், அல்லது சோடியம் ஹையலூரோனேட். ஊற்றினால் ஒரு நிமிடம் மங்கும், இரண்டு தடவை இமைத்தால் தெளிந்துவிடும். கணக்கு வேலைக்கு இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம். கெடுதல், அது நிற்பதும் கொஞ்ச நேரம்தான். ஸ்கிரீன் பார்க்கும்போது நாம் வழக்கமாகவே குறைவாக இமைக்கிறோம், வீங்கிய இமையோடு இன்னும் குறைவு, ஆக எனக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை தேவைப்பட்டது. காலையிலிருந்து ராத்திரி வரை எட்டுத் தடவை, சில நாள் பத்து.

பாட்டிலா குப்பியா என்ற கேள்வியை முடிப்பது இந்த எட்டு என்கிற எண்தான். பாட்டிலைத் திறந்தால் ஒரு மாதம் வரை வைத்துக்கொள்கிறோம், அதற்குள் கிருமி வளராமல் இருக்க அதில் பிரிசர்வேட்டிவ் சேர்க்கிறார்கள். அதிகம் புழங்குவது பென்சால்கோனியம் குளோரைடு. கிருமியைக் கொல்கிற அதே பொருள், அளவு கூடினால் கருவிழியின் மேல் தோலையும் கண்ணீர்ப் படலத்தையும் அரிக்கிறது. நாளைக்கு இரண்டு மூன்று தடவை ஊற்றுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. நாலு தடவைக்கு மேல் போகிறவர் பிரிசர்வேட்டிவ் இல்லாததற்கு மாற வேண்டும் என்பது கண் டாக்டர்கள் பொதுவாகச் சொல்கிற கணக்கு. நான் முதல் வாரம் பாட்டிலை எட்டுத் தடவை ஊற்றினேன். ஊற்றும்போது எரிந்தது, எரிகிறதே என்று இன்னொரு சொட்டு ஊற்றினேன், அது இன்னும் எரிந்தது. காய்ந்த கண் எரிவது எது, மருந்து எரிப்பது எது என்று பிரித்துப் பார்க்கவே தெரியவில்லை. குப்பிக்கு மாறி மூன்றாம் நாள் அந்த எரிச்சல் நின்றது. தையல் பிரித்ததும் அதே நேரத்தில் வந்ததால் முழுப் பெருமையையும் குப்பிக்கே கொடுக்க மாட்டேன், ஆனால் பாதியாவது அதனுடையது. எல்லாப் பாட்டிலிலும் பென்சால்கோனியம்தான் என்றும் இல்லை, மென்மையான பிரிசர்வேட்டிவ் போட்டவை வருகின்றன, அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

அப்படியானால் பிரிசர்வேட்டிவ் இல்லாத மருந்தையே பாட்டிலில் வாங்கினால் என்ன, காசு மிச்சமாகுமே என்று என் நாத்தனார் கேட்டாள். 2023-இல் நடந்ததுதான் அதற்குப் பதில். அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புள்ள சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியாத் தொற்றில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள், அதில் 14 பேர் பார்வையிழந்தார்கள், நான்கு பேர் இறந்தே போனார்கள். அந்த மருந்து சென்னைக்குப் பக்கத்தில் தயாரானது. பிரிசர்வேட்டிவ் இல்லாமல், பல தடவை திறந்து மூடுகிற பாட்டிலில் வந்தது. காற்றையும் கிருமியையும் உள்ளே விடாத வால்வு வைத்த பாட்டில்கள் தனியாக உண்டு, அவை வேறு சங்கதி, நான் அவற்றைப் பயன்படுத்தியதில்லை. புதுத் தையலும் திறந்த தோலும் கண்ணுக்கு மேலேயே இருக்கும்போது எனக்குக் குப்பிதான் நிம்மதி.

குப்பியின் குறை காசு. மாதக் கணக்கில் பாட்டிலைவிட மூன்று மடங்குக்கு மேல் எனக்குச் செலவானது. இரண்டு கண்ணுக்கும் ஊற்றிய பிறகும் உள்ளே மிச்சம் இருக்கும், மூடி வைத்துச் சாயங்காலம் ஊற்றலாமே என்று கை போகும். எறிந்துவிடுங்கள். பிரிசர்வேட்டிவ் இல்லாததை வாங்கிவிட்டுத் திறந்து வைத்தால் வாங்கியதன் பொருளே போய்விடுகிறது. இன்னொன்று, பிய்த்த முனை கூராக இருக்கும், கண்ணில் பட்டால் கீறும், முதல் சொட்டை வெளியே விட்டுவிட்டு அடுத்ததை ஊற்றுவது நல்லது. ஊற்றும்போது மேல் இமையைத் தொடவே கூடாது. கீழ் இமையை மெல்ல இழுத்தால் ஒரு பை மாதிரி வரும், அதில் விட்டு மென்மையாக மூடினால் போதும், இறுக்கி மூடினால் தையல் இழுக்கிறது. முதல் வாரம் என் மகள்தான் ஊற்றினாள், தானாக ஊற்றிக்கொள்ள முயன்றால் பாதி கன்னத்தில்தான் போகும்.

ராத்திரிக்கு ஏன் களிம்பு என்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். “அம்மா, தூங்கறப்ப உங்க கண்ணு முழுசா மூடறதில்லைங்க, வெள்ளை தெரியுது” என்றாள். தோலை எடுத்திருக்கிறார்கள், வீக்கமும் இருக்கிறது, ஒரு நூல் அளவு இடைவெளி கொஞ்ச நாள் இருக்கத்தான் செய்யும் என்றார் டாக்டர். ஆனால் அந்த இடைவெளி வழியாக ஆறு மணி நேரம் மின்விசிறிக் காற்று அடித்தால், காலையில் போடுகிற எந்தச் சொட்டும் மதியம் வரை ஈடுகட்டாது. எனக்குக் காலை பார்வை மோசமாக இருந்ததற்கு அதுதான் காரணம். படுக்கும்போது கீழ் இமைக்குள் களிம்பு ஒரு கோடு, மின்விசிறியைக் கால் பக்கம் திருப்பி வைத்தது, இரண்டும் சேர்ந்து மூன்றாம் காலையிலேயே காலண்டரில் ராகு காலம் தெரிந்தது. காலையில் இமை ஒட்டியிருக்கும், காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்தால் விட்டுவிடும், தேய்க்கக் கூடாது. ராத்திரி சொட்டும் களிம்பும் இரண்டும் உண்டு என்றால் சொட்டு முதலில், ஐந்து நிமிடம் கழித்துக் களிம்பு. மாற்றிப் போட்டால் எண்ணெயின் மேல் தண்ணீர் நிற்காது.

என் அனுபவம் மேல் இமையோடு முடிகிறது. கீழ் இமையும் செய்தவர்களுக்குக் கண் வெள்ளையே வீங்கி நீர்ப்பை மாதிரி வருவதுண்டு, அவர்களுக்கு டாக்டர் வேறு மருந்தும் கொடுப்பார். முன்பே லாசிக் (கண்ணாடி பவரைக் குறைக்கிற லேசர் ஆபரேஷன்) செய்தவர்களுக்கும் கண் காய்கிற தொந்தரவு ஏற்கெனவே இருக்கலாம். அவர்கள் என் எட்டுத் தடவைக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கண்ணாடி விஷயம் சீக்கிரம் சொல்லிவிடலாம். கான்டாக்ட் லென்ஸ் கேள்வியே இல்லை, அதைப் போடவும் எடுக்கவும் இமையை இழுக்க வேண்டும், டாக்டர் சொல்கிறவரை டப்பாவிலேயே இருக்கட்டும். பழைய கண்ணாடியா புதுக் கண்ணாடியா என்றால், பழையதையே வைத்துக்கொண்டு பொறுங்கள். இமையின் பாரம் குறைந்ததும் கருவிழியின் வளைவு லேசாக மாறுவதுண்டு, வீக்கம் வடிய வடிய அது திரும்ப மாறும். மூன்றாம் வாரம் ஆப்டிகல்ஸில் பார்த்தபோது வலது கண்ணின் சிலிண்டர் பவர், அதாவது கருவிழி வளைவின் கோணலைச் சரிசெய்கிற பவர், மாறியிருந்தது, புது லென்ஸ் ஆர்டர் செய்கிற அளவுக்குப் போய்விட்டேன். மூன்று மாதம் கழித்துப் பார்க்கச் சொல்லித் தடுத்தது டாக்டர்தான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட பழைய பவருக்கே வந்திருந்தது.

அந்த மாதம் 11-ஆம் தேதி ரிட்டர்னை என் மகள் எண்களை வாசிக்க வாசிக்க நான் சரிபார்த்து முடித்தோம். 20-ஆம் தேதி ரிட்டர்னை நானே தனியாகப் போட்டேன், மேசையில் ஆறு காலிக் குப்பி கிடந்தது. களிம்பை ஏழாவது வாரம் நிறுத்தினேன். இப்போது நாளைக்கு இரண்டு குப்பி, ரிட்டர்ன் வாரத்தில் மூன்று.