ஆர்22-இல் பயில்வதா, ஆர்44-இல் பயில்வதா?

அமெரிக்காவில் ஹெலிகாப்டர் ஓட்டிப் பிழைக்க வணிக உரிமம் வேண்டும். அதற்குப் பொதுவாக 150 மணிநேரப் பறப்பு தேவை. அந்த மணிநேரத்தை எந்த ஹெலிகாப்டரில் சேர்ப்பது என்பதில்தான் பலரும் திணறுகிறார்கள்.

ராபின்சன் நிறுவனத்தின் ஆர்22-இல் இரண்டே இருக்கைகள். மேலே சுழலும் இறக்கைத் தொகுதியான சுழலி இலேசானது. எஞ்சின் நின்றுவிட்டால் அதன் சுழற்சி சட்டெனக் குறையும். எல்லா இறக்கைகளின் சாய்வையும் ஒருசேர மாற்றும் கலெக்டிவ் நெம்புகோலை இடக்கை அந்தக் கணமே தாழ்த்திவிட வேண்டும். ஓரிரு நொடி தயங்கினாலும் சுழற்சியை மீட்க முடியாமல் போகலாம். இந்தக் கண்டிப்பே கைக்கு நல்ல பழக்கத்தை ஊட்டுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நான்கு இருக்கை ஆர்44-இன் சுழலி கனமானது, சற்று அவகாசம் தரும். ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) உதவியால் கட்டுப்பாட்டுப் பிடியும் மென்மை. ஆனால் வாடகை கணிசமாக அதிகம்.

ஆர்22-இல் ஓர் இருக்கைக்கு எடை வரம்பு சுமார் 109 கிலோ. அதைத் தாண்டியவர்கள் யோசிக்கவே வேண்டாம், ஆர்44தான்.

மற்றவர்களுக்கு ஆர்22-ஐயே சொல்வேன். முதல் வேலை பெரும்பாலும் பயிற்றுநர் வேலைதான். ஆர்22-இல் கற்பிக்க 200 மணிநேர ஹெலிகாப்டர் அனுபவம் வேண்டும். அதில் 50 மணியாவது ஆர்22-இலேயே பறந்திருக்க வேண்டும். கையில் பணம் மிஞ்சினால், கடைசிச் சில மணிநேரத்தை ஆர்44-க்கு ஒதுக்குங்கள்.