ஆர்லாங் அப்டேட்டும் உடைந்த ட்ரைகேட்சும்: சில வருட ஆர் அனுபவம்

கொழும்பில் சுகாதாரத் தரவு பார்க்கிற ஒரு சின்ன அணியில் வேலை செய்கிறேன். ஆர் என்கிற புள்ளிவிபர நிரல்மொழியைத்தான் அதன் 3.6 வேர்ஷன் காலத்திலிருந்து அன்றாட வேலைக்குப் பாவிக்கிறேன், இப்போது 4.4 இல் நிற்கிறோம். ஆர் நல்லதா பைத்தன் நல்லதா என்ற கதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒரே விஷயம்: பேக்கேஜ்களை (ஆரோடு சேர்த்துப் பாவிக்கிற கூடுதல் தொகுதிகள்) அப்டேட் செய்த கையோடு, பிழையைப் பிடிக்கவென்றே வைத்திருக்கிற பேக்கேஜ்கள் முதலில் விழுந்துபோவது ஏன், விழுந்தால் எங்கே பார்ப்பது, இத்தனை வருடத்தில் எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை.

அடித்தளம் இதுதான். தரவைக் கையாளவும் வரைபடம் போடவும் டிப்ளையர், பர்ர், டைடிஆர், ஜிஜிபிளொட்2 என்று நாங்கள் பாவிக்கிற எல்லாவற்றுக்கும் கீழே ஆர்லாங் என்ற அடிப்படைப் பேக்கேஜ் இருக்கிறது. அந்தப் பேக்கேஜ்கள் பிழையை எழுப்புவதே ஆர்லாங்கின் அபோர்ட் கட்டளை வழியாகத்தான், அந்தப் பிழையை நிறமும் புள்ளியும் போட்டு அழகாகக் காட்டுவது சிஎல்ஐ என்ற இன்னொரு பேக்கேஜ். மேலே உள்ள எது புதுப்பிக்கப்பட்டாலும் 'எனக்கு இந்த வேர்ஷன் ஆர்லாங்காவது வேண்டும்' என்று கேட்கும். அதனால் டிப்ளையரை மட்டும் அப்டேட் செய்கிறேன் என்று நினைத்தாலும், உண்மையில் பிழை கையாளும் அடுக்கையே அசைக்கிறீர்கள்.

அதில் எல்லாரும் சந்திக்கிற முதல் செய்தி, ஆர்லாங் 1.0.6 ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கிறது, ஆனால் 1.1.0 அல்லது அதற்கு மேல் தேவை என்ற பொருளில் வருகிற அந்தச் சிவப்பு வரி. போன வருடம் எங்கள் அணியில் சேர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நான் ஒண்டும் மாத்தேல்ல, நேற்று வடிவா ஓடினது" என்று முகம் வாடி வந்து நின்றாள். அவள் சொன்னது உண்மைதான், அவள் எதையும் மாற்றவில்லை. இந்தச் செய்தி வந்தால் பெரும்பாலானோர் உடனே ஆர்லாங்கைத் திரும்ப இன்ஸ்டோல் செய்வார்கள், அதே செய்தி திரும்ப வரும், பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆரையே புதிதாகப் போடுவார்கள். தேவையில்லை. மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

ஒன்று, டிஸ்கில் இருப்பதும் நினைவகத்தில் ஏறியிருப்பதும் வேறு வேறாக இருப்பது. பேக்கேஜ்வேர்ஷன் என்ற கட்டளை டிஸ்கில் உள்ளதைச் சொல்லும், கெட்நேம்ஸ்பேஸ்வேர்ஷன் இப்போது ஏறியிருப்பதைச் சொல்லும். இரண்டும் பொருந்தாவிட்டால் செஷனை, அதாவது ஓடிக்கொண்டிருக்கிற ஆரை, மூடித் திறந்தால் முடிந்தது. ஆனால் மூடித் திறந்தும் பழையதே தொல்லை கொடுத்தால் ஆர்ஸ்டுடியோ (ஆரில் எழுதி ஓட்டப் பாவிக்கிற மென்பொருள்) தொடங்கும்போது தானாகத் திறக்கிற ஆர்டேட்டா கோப்பைச் சந்தேகியுங்கள். போன தடவை வேலைத்தளத்தைச் சேமிக்கும்போது அதில் ஒரு ஜிஜிபிளொட் வரைபடம் இருந்தால், அதைத் திறக்கிறபோதே ஜிஜிபிளொட்டின் நேம்ஸ்பேஸும் (அந்தப் பேக்கேஜின் உள்ளடக்கம்) அதன் பின்னால் ஆர்லாங்கும் நினைவகத்தில் ஏறிவிடும், பேக்கேஜை ஏற்ற நீங்கள் லைப்ரரி என்று ஒரு வரி எழுதுவதற்கு முன்பே. அந்தப் பிள்ளைக்கு நடந்தது இதுதான். ஆர்ஸ்டுடியோவின் பொது அமைப்பில் ஆர்டேட்டாவைத் திறக்காதே, வெளியேறும்போது சேமிக்காதே என்று இரண்டு இடத்தில் மாற்றினோம், அதோடு சரி. ஆர் தொடங்கும்போதே ஓடுகிற ஆர்ப்ரொஃபைல் கோப்பில் யாராவது லைப்ரரி வரிகளை எழுதி வைத்திருந்தாலும் இதே கதைதான்.

இரண்டாவது, லிப்பாத்ஸ், அதாவது ஆர் பேக்கேஜ்களைத் தேடுகிற ஃபோல்டர்களின் வரிசை. ஒரே கணினியில் இரண்டு லைப்ரரி ஃபோல்டர் இருந்து, வரிசையில் முதலில் இருப்பதில் பழைய ஆர்லாங் கிடந்தால், நீங்கள் மற்றதில் எத்தனை புதிய ஆர்லாங் போட்டாலும் ஆர் முதலாவதைத்தான் எடுக்கும். அலுவலகக் கணினிகளில் நிர்வாகி ஒரு பொது ஃபோல்டரில் போட்டிருப்பார், நீங்கள் உங்கள் சொந்த ஃபோல்டரில் போட்டிருப்பீர்கள், இந்தக் குழப்பம் அங்கேதான் அதிகம். ஆர் 4.2.0 இலிருந்து விண்டோஸில் சொந்த லைப்ரரி டொகியுமென்ட்ஸிலிருந்து ஆப்டேட்டாவின் லோக்கல் ஃபோல்டருக்கு மாறிவிட்டது என்பதும் பலருக்குத் தெரியாது. பழைய இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கே தேடுவார்கள்.

மூன்றாவது விண்டோஸுக்கே உரிய தலையிடி: ஆர்லாங்கின் டிஎல்எல் கோப்பை (கம்பைல் செய்த கோட் உள்ள கோப்பு) வேறொரு ஆர் செஷன் பிடித்து வைத்திருந்தால் அதை மாற்ற முடியாது, அனுமதி இல்லை என்று வரும். திறந்திருக்கும் இன்னொரு ஆர்ஸ்டுடியோ ஜன்னல், பின்னால் ஓடுகிற ஷைனி வலைச் செயலி, டாஸ்க் ஷெடியூலரில் போட்ட கிழமை வேலை, எது வேண்டுமானாலும் அதைப் பிடித்திருக்கலாம். டாஸ்க் மனேஜரில் ஆர் பெயரில் இருக்கிற எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஆர்ஸ்டுடியோ இல்லாமல் வெறும் ஆரைத் திறந்து அங்கே இன்ஸ்டோல் செய்வதுதான் என் வழக்கம். பாதியில் நின்றுபோன இன்ஸ்டோல் ஒன்று லைப்ரரிக்குள் 00லொக் என்று தொடங்கும் ஒரு ஃபோல்டரை விட்டுவிட்டுப் போயிருந்தால் அதையும் கையால் அழிக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லாமல் போன நாட்களில் இந்த ஃபோல்டர் எங்களுக்கு நன்றாகவே பழகிப்போனது. ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் பேக்கேஜ் இறங்கிக்கொண்டிருக்கும், லாப்டொப் பற்றரி விழும், முடிந்தது.

இதுவரை சொன்னது எல்லாம் சத்தம் போட்டு உடைவது, அதனால் சமாளிக்கலாம். என்னை உண்மையில் கவலைப்படுத்தியது சத்தமில்லாமல் உடைவதுதான்.

சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடுகிற வாராந்த அறிக்கைகளின் அட்டவணைகளை நாங்கள் எடுத்து வாசிப்போம். இலங்கையில் மாவட்டம் 25, ஆனால் அந்த அட்டவணையில் பிராந்திய சுகாதாரப் பிரிவு 26, ஏனென்றால் அம்பாறையிலிருந்து கல்முனை தனியாக வரும். எங்கள் பட்டியலில் கல்முனை கடைசி, 26ஆவது. மாவட்ட வாரியான சனத்தொகையோடு இணைக்கும்போது அந்த ஒன்று எப்போதும் தனிக் கவனிப்புக் கேட்கும். எனவே 'தரவு இல்லை' என்று எங்களுக்கென்றே ஒரு பிழை வகுப்பு, அதாவது கோட் அடையாளம் காண்கிற பிழைப் பெயர், வைத்திருந்தோம். ஒரு கிழமையின் அட்டவணையில் ஏதாவது பிரிவின் எண் வராவிட்டால் அந்த வகுப்புப் பிழை எழும், வெளியே உள்ள ட்ரைகேட்ச் (பிழையைப் பிடிக்கிற ஆர் கட்டளை) அதைப் பிடித்து 'இந்தக் கிழமை முழுமையில்லை' என்று குறித்துவிட்டு அடுத்த கிழமைக்குப் போகும். வேறு எந்தப் பிழை வந்தாலும் வேலை நிற்க வேண்டும், லொக் கோப்பில் (வேலை ஓடியதன் பதிவு) பிழையின் முதல் வரி விழ வேண்டும். நல்ல ஒழுங்கு, நீண்ட காலம் பிசகாமல் ஓடியது.

2022 டிசெம்பரில் பர்ர் 1.0.0 வந்தது. அதில் மெப் குடும்பத்துக்குள் (பட்டியலின் ஒவ்வொரு உறுப்பிலும் ஒரே வேலையைச் செய்கிற கட்டளைகள்) எழுகிற பிழைகளை அது தன் சொந்தப் பிழைக்குள் பொதிந்து தருகிறது, எத்தனையாவது உறுப்பில் நடந்தது என்று முதலில் சொல்லி, உண்மைக் காரணத்தை அதற்குக் கீழே வைக்கிறது. திரையில் பார்க்கிற மனிதருக்கு இது பெரிய உதவி, இதை நான் மனதாரச் சொல்கிறேன். ஆனால் எங்கள் வெளி ட்ரைகேட்ச் தேடியது 'தரவு இல்லை' வகுப்பை, அதன் கையில் வந்ததோ பர்ரின் வகுப்பு. பொருந்தவில்லை. முழுமையில்லாத கிழமையைத் தாண்டிப் போக வேண்டிய வேலை அங்கேயே நின்றது, லொக்கில் விழுந்த முதல் வரியோ 26ஆவது உறுப்பு என்பதை மட்டும் சொன்னது, காரணம் இரண்டாவது மூன்றாவது வரியில் இருந்ததால் லொக்கில் வரவேயில்லை. ஆர்லாங்கையும் சிஎல்ஐயையும் பழைய வேர்ஷனுக்கு இறக்கிப் பார்த்தோம், மாற்றமில்லை, ஏனென்றால் மாறியது பர்ரின் நடத்தை.

இதேபோலத்தான் டிப்ளையரிலும். 1.0 வரிசையில் கணக்கிடும்போது பிரச்சினை என்ற வாசகத்தோடு வந்த செய்தி 2023 ஜனவரியில் வந்த 1.1.0 இல் எந்த ஆர்கியுமென்ட்டில் என்ற வடிவத்துக்கு மாறியது. பிழைச் செய்தியின் எழுத்துகளை கிரெப் போட்டுத் தேடி முடிவெடுக்கிற கோட் அன்றோடு சரி. செய்தி மனிதருக்கு, வகுப்பு கோட்டுக்கு. இதை நான் இப்போது புதிதாக வருகிற எல்லாருக்கும் முதல் நாளே சொல்கிறேன்.

திருத்த இரண்டு வழி இருந்தது. புதிய ஆர்லாங்கின் ட்ரைஃபெட்ச், பொதியப்பட்ட பிழையின் உள்ளே இருக்கிற மூலப் பிழையின் வகுப்பையும் பார்க்கும், அதற்கு மாறலாம். நன்றாக வேலை செய்கிறது, ஊடாடி வேலை செய்யும் ஸ்க்ரிப்ட்களில் நான் அதைத்தான் பாவிக்கிறேன். ஆனால் இரவில் ஆளில்லாமல் ஓடுகிற வேலைக்கு அதை எடுக்கவில்லை. அந்த இடத்தில் மெப்பைத் தூக்கிவிட்டு அதே வேலையைச் செய்கிற ஆரின் சொந்த எல்அப்ளையைப் போட்டோம், பிடிப்பது ஆரின் சொந்த ட்ரைகேட்ச், எழுப்புவது ஸ்டொப். வெளிப் பேக்கேஜ் ஒன்றுகூட அந்த அடுக்கில் இல்லை. எந்தப் பேக்கேஜ் விழுந்தாலும் அது விழுந்ததை எழுதி வைக்க வேண்டியது இந்த அடுக்குத்தான், இதுவும் அவற்றோடு சேர்ந்து விழக்கூடாது.

இதை யோசித்த பிறகுதான் பேக்கேஜ்களை இன்ஸ்டோல் செய்து நிர்வகிக்கிற ஆர்என்வ், பாக் இரண்டும் ஏன் நம்பகமாக இருக்கின்றன என்று எனக்கு விளங்கியது. ஆர்என்வ் ஆரோடு வருகிறவற்றைத் தவிர வேறு எந்தப் பேக்கேஜிலும் தங்கியில்லை. பாக் தனக்கு வேண்டியதையெல்லாம் தன் சொந்த லைப்ரரிக்குள் வைத்துக்கொண்டு தனி ஆர் செயல்முறையில் ஓடுகிறது, உங்கள் செஷனில் என்ன ஆர்லாங் ஏறியிருக்கிறது என்பது அதற்குப் பொருட்டில்லை. எரிகிற வீட்டுக்குள் தண்ணீர்ப் பைப்பை வைக்காதவர்கள் எழுதிய கருவிகள் இவை.

ஆர்என்வ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'ஆர்என்வ் போடு, பிரச்சினை தீர்ந்தது' என்று சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு ப்ரொஜெக்டுக்கும் தனி லைப்ரரி, லொக்ஃபைலில் (வேர்ஷன்களைப் பூட்டி வைக்கிற கோப்பு, மேலே சொன்ன பதிவு லொக் அல்ல) ஒவ்வொரு பேக்கேஜின் வேர்ஷனும், ரெஸ்டோர் என்றால் அதே நிலை திரும்பும், இதெல்லாம் உண்மை. ஆனால் லொக்ஃபைல் ஆரின் வேர்ஷனைக் குறித்து வைக்குமே தவிர ஆரை இன்ஸ்டோல் செய்து தராது, விண்டோஸில் மூலக் கோட்டைக் கம்பைல் செய்யத் தேவையான ஆர்டூல்ஸையும் தராது. அப்புறம், ஆர் பேக்கேஜ்களின் பொது வெளியீட்டுத் தளமான க்ரான் பழைய வேர்ஷன்களை மூலக் கோட்டாகத்தான் களஞ்சியத்தில் வைத்திருக்கிறது, விண்டோஸுக்கான தயார் பைனரி பெரும்பாலும் தற்போதையதற்கு மட்டும். அதனால் ஒரு வருடம் கழித்து ரெஸ்டோர் போட்டால் ஆர்லாங் போன்ற சி கோட் உள்ளவற்றைக் கம்பைல் செய்யத் தொடங்கும், ஆர்டூல்ஸ் இல்லாத கணினியில் அங்கேயே நிற்கும். இதற்கு நாங்கள் கண்ட வழி ஆர்ஸ்டுடியோவை உருவாக்குகிற பொஸிட் நிறுவனத்தின் பொது பேக்கேஜ் மனேஜர். ஒரு திகதியைக் குறித்து அந்த நாளில் க்ரான் எப்படி இருந்ததோ அப்படியே எடுக்கலாம், பழைய திகதிக்கும் விண்டோஸ் பைனரி கிடைக்கும். வீட்டு இன்டர்நெட்டில், டேட்டா அளவை எண்ணி எண்ணி வேலை செய்கிறவர்களுக்கு இது சரியான ஆறுதல்.

ஆரையே மாற்றுவது தனிக் கதை. 4.2.0 இல் இஃப் நிபந்தனைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பைக் கொடுத்தால் முன்பு எச்சரிக்கை, இப்போது பிழை. பழைய ஸ்க்ரிப்ட்கள் சில அதில் நின்றன, நின்றது நல்லது. அதே வேர்ஷனில்தான் புதிய விண்டோஸ் 10 இலிருந்து தமிழ் உட்பட எல்லா எழுத்துகளையும் ஏற்கிற யூடிஎஃப்-8 இயல்பான குறிமுறையாக வந்தது. அதற்கு முன் கன்சோலில் மட்டக்களப்பு, முல்லைத்தீவு என்று எழுதினால் யூ-பிளஸ் என்று தொடங்கும் குறியெண்களாகக் கொட்டும், பிழைச் செய்தியில் இடப்பெயர் வந்தால் எந்த இடம் என்றே தெரியாது. இப்போது தமிழிலேயே பிழைச் செய்தி எழுதுகிறோம், லொக்கிலும் தமிழாகவே விழுகிறது. இந்த ஒன்றுக்காகவே 4.1 இல் இருக்கிறவர்களை மேலே வரச் சொல்வேன்.

இப்போது எங்கள் அப்டேட் நடக்கும் விதம்: காலாண்டுக்கு ஒரு தடவை, அறிக்கை கொடுக்கிற கிழமையைத் தவிர்த்து, கோட் மாற்றங்களைக் குறித்து வைக்கிற கிட்டில் தனிக் கிளையில். பேக்கேஜ் மனேஜரின் திகதியை முன்னே நகர்த்தி, ஆர்என்வ்வில் அப்டேட் போட்டு, பழைய கிழமைகள் சிலவற்றைத் திரும்ப ஓட்டுவோம். அவற்றில் ஒன்று வேண்டுமென்றே கல்முனை எண் எடுக்கப்பட்ட அட்டவணை, இன்னொன்றில் ஒரு பத்தி முழுதும் எழுத்தாக மாற்றப்பட்டிருக்கும். முதலாவது 'முழுமையில்லை' என்று குறிக்கப்பட்டுத் தாண்ட வேண்டும், இரண்டாவதில் வேலை நிற்க வேண்டும், லொக்கில் காரணம் இருக்க வேண்டும். மூன்றும் நடந்தால்தான் புதிய லொக்ஃபைல் பிரதான கிளைக்குப் போகும். நடக்காவிட்டால் அந்தக் கிளையை அப்படியே விட்டுவிட்டுப் பழைய லொக்ஃபைலோடு அடுத்த கிழமை அறிக்கையைப் பார்ப்போம்.