அட்டிலாவா, கைசரிக்கா: யாரை முதலில் படிப்பது?

ஹூணர் என்ற நாடோடி இனத்தின் அரசன் அட்டிலா, வாண்டல் என்ற ஜெர்மானிய இனத்தின் அரசன் கைசரிக்: 5ஆம் நூற்றாண்டில் ரோமை நடுங்கவைத்த இவ்விருவரில் யாரிடமிருந்து தொடங்குவது என்று பலர் குழம்புகிறார்கள்.

சான்றுகள்

அட்டிலா: 449இல் கிழக்கு ரோமப் பேரரசின் தூதுக்குழுவோடு ஹூணர்களின் அரசவைக்கே சென்ற வரலாற்றாசிரியர் பிரிஸ்கஸ், கண்ணால் கண்டதை எழுதிவைத்தார். விருந்தினருக்கு வெள்ளித் தட்டு. அரசனுக்கு மரத்தட்டு, மரக்கோப்பை. உலகமே அஞ்சிய ஒருவன் அப்படி உண்டான் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

கைசரிக்: இத்தனை நெருக்கமான சித்திரம் இல்லை. பெரும்பாலும் எதிர்த்தரப்பின் எழுத்துதான்.

போர்முறை

அட்டிலா: குதிரைப்படையும் அச்சமும். கிழக்கு ரோமின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளிடம் ஆண்டுக்கு 2,100 பவுண்டு தங்கம் கப்பமாகக் கேட்டுப் பெற்றான். 452இல் இத்தாலிக்குள் புகுந்து அக்விலேயாவை அழித்தும், ரோமுக்குள் நுழையவில்லை.

கைசரிக்: கப்பல்கள். 429இல் வாண்டல் மக்களோடு ஆப்பிரிக்காவுக்குக் கடல் கடந்தான். 439இல் அங்கே ரோமின் பெருநகரான கார்த்தேஜைப் பிடித்தான். 455இல் ரோமை 14 நாட்கள் சூறையாடினான். 468இல் தன்னை ஒழிக்க வந்த ரோமப் பெருங்கடற்படையைத் தீக்கப்பல்களை ஏவி எரித்தான். இவனுடைய பொறுமையும் திட்டமிடலும் உரிய புகழைப் பெறவே இல்லை.

எஞ்சியது

அட்டிலா: 453இல் திருமண இரவிலேயே மரணம். அடுத்த ஆண்டே, அவனுக்கு அடங்கியிருந்த இனங்கள் எதிர்த்தெழுந்த நெடாவோ போரில் அவன் மகன்கள் தோற்க, பேரரசு சிதறியது.

கைசரிக்: 477இல் இறக்கும்வரை அரியணையில் இருந்தான். அவன் நிறுவிய அரசு 534 வரை நின்றது.

ஒரு மனிதனை அருகிலிருந்து பார்க்க விரும்பினால் அட்டிலாவை எடுங்கள். மேற்கு ரோமப் பேரரசு எப்படி வீழ்ந்தது என்று அறிய வேண்டுமானால், தயங்காமல் கைசரிக். ஆப்பிரிக்காவின் தானியமும் வரியும் பறிபோன கதை அவனிடம்தான் இருக்கிறது.