காந்த நட்சத்திரப் பலகை: பல் தேய்க்கச் சரி, படம் வரைய வேண்டாம்

குழந்தைகளுக்கு நல்ல பழக்கம் வரவைக்கும் என்று சொல்லி விற்கிற காந்தப் பலகை ஒன்று வாங்கினேன். ஒரு வேலையை முடித்தால் ஒரு நட்சத்திரம், வரிசை நிரம்பினால் பரிசு. ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்குக் கல்வி உளவியல் நடத்துகிறவள் நான். அதனால் பலகைக்கு முன்னால் கையேட்டைத்தான் பிரித்தேன்.

முதல் பக்கத்தில் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வு நாய். இந்தப் பலகைக்கும் அந்த நாய்க்கும் சம்பந்தமே இல்லை. உணவு வரப்போகிறது என்று காட்டும் ஒலியைக் கேட்டதும் அதற்கு எச்சில் தானாக ஊறியது; அது எதையும் செய்து சம்பாதிக்கவில்லை. பல் தேய்த்து நட்சத்திரம் வாங்குவது உளவியலாளர் ஸ்கின்னரின் வழி. செயலுக்குக் கிடைத்த பலன் அந்தச் செயலை மறுபடி செய்ய வைக்கிறது. போட வேண்டிய படம் நெம்புகோலை அழுத்தும் எலி. எலிப் படம் போட்டால் யார் வாங்குவார்கள், அது வேறு விஷயம்.

பல் தேய்ப்பதில் பலகை ஜெயித்துவிட்டது. என் ஐந்து வயது மகனுக்குப் பரிசைவிடக் காந்தம் ஒட்டும்போது வரும் 'டக்' சத்தம்தான் பிடித்தது. வலுவூட்டல், அதாவது செயலை மறுபடி செய்ய வைக்கிற பலன், செயலை ஒட்டி உடனே வர வேண்டும்; வாரக் கடைசிப் பரிசு அவனுக்கு எங்கேயோ இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் நட்சத்திரம் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்கிறது கையேடு. பழக்கம் பிடிபட்ட பிறகு விட்டுவிட்டுக் கொடுத்தால்தான், பலகையை எடுத்த பின்னும் அது நிற்கும்.

சறுக்கியது 'படம் வரைதல்' வரிசையில். காலண்டரின் பின்பக்கத்தைக்கூட விடாமல் வரைகிறவன், ஒரு வட்டம், இரண்டு கோடு போட்டுவிட்டு "நட்சத்திரம் குடும்மா" என்று வந்து நின்றான். உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973-இல் காட்டியது இதுதான். வரைவதில் ஏற்கெனவே ஆசை இருந்த குழந்தைகளிடம் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு அவர்கள் தாமாக வரைந்த நேரம் மற்றக் குழந்தைகளுடையதில் பாதியளவுக்குக் குறைந்தது. சொல்லாமல் திடீரென்று கொடுத்தவர்களிடம் அப்படிக் குறையவில்லை. அந்த வரிசையை டேப் ஒட்டி மூடிவிட்டேன்.

தப்பு செய்தால் நட்சத்திரத்தைப் பிடுங்கி, அதை 'எதிர்மறை வலுவூட்டல்' என்கிறது கையேடு. என் மாணவர்கள் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடையாது. பிடுங்குவது தண்டனை. சீட் பெல்ட் போட்டதும் காரின் 'பீப்' நிற்கிறதே, அதனால் பெல்ட் போடும் பழக்கம் வருகிறதே, அதுதான் எதிர்மறை வலுவூட்டல்.

பிடுங்கியதில் இன்னொன்றும் நடந்தது. செருப்பை வீசியதற்காக மகளின் நட்சத்திரம் போனதைத் தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீசவே இல்லை. பாடம் படிந்துவிட்டது என்று நினைத்தேன். பாட்டி "அக்கா எப்படிடா வீசினா?" என்று கேட்டதும், கையை ஓங்குவது முதல் முகத்தைத் திருப்புவது வரை அச்சு அசலாக நடித்துக் காட்டினான். 1965-இல் உளவியலாளர் பந்தூரா கண்டதும் இதே. பொம்மையை அடித்தவர் தண்டனை பெறுவதைப் படத்தில் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அதைச் செய்தார்கள். செய்துகாட்டினால் பரிசு என்றதும், தண்டனை இல்லாத படத்தைப் பார்த்தவர்களுக்குச் சமமாகச் செய்தார்கள். கற்றுக்கொள்வது ஒன்று, வெளியே காட்டுவது வேறு. கையேட்டில் பந்தூராவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். பிள்ளைக்குப் பிடிக்காத, ஆனால் செய்தே ஆக வேண்டிய ஒன்றிரண்டு வேலைக்கு மட்டும் வாங்கலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம்: நட்சத்திரத்தின் பின்னால் காந்தம் சரியாக ஒட்டவில்லை, கழன்று வருகிறது. ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஆபத்தாகிவிடும்.